அடியில் ஓடுகிற சின்ன ஃபேன்

கண்ணு,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். பாதி அடுக்கிய பெட்டியை மூடவும் மனமில்லாமல், காலி செய்யவும் மனமில்லாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் பெரியம்மா சொன்னாள். எழுந்து வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிற தூரம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை உண்மை கிளம்பினால் அதன் பின்னாலேயே ஒன்பது வார்த்தை ஜோடித்துக்கொண்டு வந்து நிற்கும். பேனா பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை. என் கை மெதுவாகத்தான் ஓடும், உண்மை முதலில் வந்து சேர நேரம் கிடைக்கும். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். ஒரு தடவை படித்தவனைவிட எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் பேனாவின் குற்றம் என்று எடுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை நீ படித்த பிறகு ஒளித்து வைக்க வேண்டாம். மேஜை மேலேயே வை. உன் அம்மா படிக்கட்டும், பெரியம்மா படிக்கட்டும், வாசலில் வந்து நிற்கிற நம் கணபதி ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஊரறியச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திரும்ப வாங்கினால் அது நியாயம் ஆகாது.

மூன்று வயதில் அப்பனை இழந்து நீ இந்த வீட்டுக்கு வந்தாய். உன் பள்ளிக்கூடத்து விண்ணப்பங்களில் அப்பா பெயர் எழுதுகிற இடத்தில் என் தம்பி பெயரை எழுதிவிட்டுக் கையெழுத்தை மட்டும் நான் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் போட்டேன். கலெக்டர்கூட அவ்வளவு கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். அந்தக் கையெழுத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை என்று கடிதம் வந்த அன்றைக்கு நீ குதித்த குதியில் அலமாரியில் இருந்த டம்ளர் விழுந்தது. அப்படிப்பட்டவள், டிக்கெட் கைக்கு வந்ததிலிருந்து வேறு பாட்டுப் பாட ஆரம்பித்தாய். "அம்மாவத் தனியா உட்டுப்போட்டு எப்படிங்க பெரியப்பா போறது? இங்கயே கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லிக் குடுக்கறனுங்க" என்றாய். நான் அதை அப்படியே நம்பினேன். கண் கலங்கக்கூடச் செய்தேன். என்ன பாசம், என் வளர்ப்பல்லவா என்று துடியலூர் போகிற பஸ்ஸில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா நான் மோட்டார் வேலை செய்கிற கொட்டகைக்கு வந்தாள். உனக்குத் தெரியும், அவள் என் எதிரில் உட்காரக்கூட மாட்டாள். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங் மாமா, அந்தப் ப்ளேன் கதை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

"எதுக்கு அம்மணி? இன்னொருக்கா சொல்லட்டுமா?" என்றேன் நான், பல்லைக் காட்டிக்கொண்டு.

"வேண்டாமுங்க. சொன்னது போதும். ராத்திரி தூங்காம அழுவுறா. அந்த ஃபேன் நின்னுபோச்சுன்னா எனக்கு மூச்சு இழுப்பு வந்து அந்தச் சேட்டம்மா மாதிரியே நீலமாப் போயிருவேனம்மாங்கறா. உங்க பொய்யி எம்புள்ளையக் கட்டிப்போட்டுருச்சுங்க மாமா."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அதன் பிறகு அன்றைக்கு அதை எடுக்கவில்லை.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் சொன்ன விதத்திலேயே இங்கே ஒரு முறை எழுதி வைக்கிறேன், எதைத் திரும்ப வாங்குகிறேன் என்பது தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா. நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், நான் வேலை பார்த்த மில்லின் முதலாளிக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் அவருக்குப் பதிலாக நான் பம்பாய்க்கு விமானத்தில் போனேன். ஆகாயத்தின் நட்ட நடுவில் காற்று ஃபேன் நின்றுபோனது. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்து, அவர் விட்டதை மற்றொருவர் இழுத்து, எல்லாரும் திணறினார்கள். ஒரு சேட்டம்மா நீலம் பாரித்துவிட்டாள். பைலட் ஓடி வந்து "இங்கே ஃபேன் வேலை தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்துத் தகட்டைக் கழற்றி, சிக்கியிருந்த பஞ்சை வழித்து, நழுவிய பெல்ட்டை மாட்டிவிட்டேன். பைலட் எனக்கு சல்யூட் அடித்து, ஒரு கை நிறைய மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாய்தான் உனக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கதையை நான் டவுன் பஸ்ஸில் சொன்னால் துடியலூர் வருவதற்குள் விமானம் மேலே ஏறியிருக்கும், பெரியநாயக்கன்பாளையத்தில் மில் வாசலில் பஸ் நிற்கும்போது சரியாக பம்பாயில் இறக்கியிருப்பேன். கண்டக்டர்கள் விசில் அடிக்க மறந்து கேட்டிருக்கிறார்கள். இது பொய்யில்லை.

எல்லாரும் பைலட் சல்யூட் அடித்த இடத்தில் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். நீ மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று கேட்பாய். "அந்தச் சேட்டம்மாவுக்கு அப்பறம் செரியாப் போச்சுங்களா பெரியப்பா?" நானும் ஒவ்வொரு தடவையும் "போச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துப் பேசப் போய்விடுவேன். மார்கழிப் பனியில் இழுப்பு வந்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுகிற பிள்ளை ஏன் அதை மட்டும் கேட்கிறது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மோட்டாரில் பேரிங் தேய்ந்திருப்பதை தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடுகிற காது என்று பீற்றிக்கொள்கிறேன். மடியில் வளர்ந்த பிள்ளையின் குரலை அந்தக் காது கேட்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

விமானத்தில் போனது உண்மை. முதலாளியின் டிக்கெட்டும் உண்மை. என் பக்கத்து சீட்டில் கோட்டைமேட்டு ராவுத்தர் ஒருவர், துணி வியாபாரம். மாதம் ஒரு முறை பம்பாய் போய் வருகிறவர். கதவைச் சாத்தியதும் தலைக்கு மேலே இருந்த ஓட்டைகளிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கியது. அவர் கேட்காமலேயே நான் அவருக்கு தைரியம் சொன்னேன். "பயப்படாதீங்க. இது புகையில்லீங்க. எங்க மில்லுல காத்து பிளான்ட்டு ஓட்டறப்ப இப்படித்தான் வரும். குளிர்ந்த காத்து, ஈரக் காத்தோட சேருது." அவர் மரியாதையாக "அப்படிங்களா" என்றார். அதுவரைக்கும் நான் ராஜா.

விமானம் ஓட ஆரம்பித்தது. எஞ்சின் அலறியது. அப்போதுதான் என் காது என்னைக் கெடுத்தது. மேலிருந்து வந்துகொண்டிருந்த பெரிய காற்று சட்டென்று குறைந்துவிட்டது. கையை ஓட்டைக்கு நேரே வைத்துப் பார்த்தேன், சும்மா பேருக்கு வந்தது. அந்தப் பெரிய இரைச்சலுக்கு நடுவிலும், எங்கேயோ அடியில் ஒரு சின்ன ஃபேன் மட்டும் ஓடுவது எனக்குக் கேட்டது. உள்ளே இருக்கிற காற்றையே இழுத்து உள்ளேயே விடுகிற ஃபேன். மில்லில் இருபது வருஷம் நான் ஓட்டியது அதைத்தானே! வெளிக்காற்று வருகிற கதவை அடைத்துவிட்டு, பழைய காற்றையே சுற்றவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துபோனது. புரிந்துபோனது என்று நினைத்தேன்.

சீட் பெல்ட்டை நான் மாட்டவில்லை. மாட்டத் தெரியாததை ராவுத்தரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று, மாட்டியது போல மடியில் வைத்திருந்தேன். ஆகவே எழுந்து நிற்பதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. விமானம் மூக்கைத் தூக்குகிற நேரத்தில் நான் எழுந்து நின்று கத்தினேன்: "ஏனுங்க! வெளிக்காத்த அடச்சுப்போட்டாங்க! உள்ள இருக்கற காத்துதான் சுத்துது! தூசி வலை மாட்டியிருக்குதாங்க? வலை இருக்குதான்னு பாருங்க!"

ராவுத்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அட, உக்காருங்ணா! விழுந்துருவீங்க!" நான் சீட்டில் விழுந்தேன். என் பெல்ட்டை அவர் மாட்டிவிட்டார், உன் பள்ளிக்கூடத்துப் பெல்ட்டை நான் மாட்டிவிடுவேனே, அது மாதிரி. இரண்டே நிமிஷம் இருக்கும். பெரிய காற்று திரும்ப வந்துவிட்டது. ஆனால் எனக்கு வியர்வை நிற்கவில்லை. விமானம் நேரானதும் விமானப் பணிப்பெண் ஒருத்தி வந்தாள். உன் இப்போதைய வயதுதான் இருக்கும். திட்டுவாள் என்று பார்த்தேன். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்த மிட்டாயை எல்லாம் அள்ளி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அழுகிற குழந்தைக்குக் கொடுப்பது போலத்தான் கொடுத்தாள். நீலம் பாரித்த சேட்டம்மா யாரும் அந்த விமானத்தில் இல்லை, கண்ணு. நீலம் பாரித்தவன் ஒருவன்தான். அவன் அன்றைக்கே பிழைத்துவிட்டான்.

ஏன் அப்படிப் பயந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதுவரைக்கும் சொன்னது வெட்கப்படுகிற விஷயம். இனிமேல் சொல்லப்போவது வேறு.

நீ நாலாவது படிக்கும்போது உன் அம்மா எங்கள் மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தாள். அந்தப் பகுதியின் காற்றை இழுத்து, பஞ்சுத் தூசியை வலையில் வடித்து, ஈரமாக்கித் திரும்ப அனுப்புவது என் பொறுப்பு. பங்குனி வறட்சியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. வெளிக்காற்றை அடைத்துவிட்டு உள்காற்றையே சுற்றவிட்டேன். அதுவரை சரி, எல்லா மில்லிலும் செய்வதுதான். ஆனால் வலையில் பஞ்சு அப்பி அப்பி அடைத்தது. மணிக்கொரு தரம் வழிக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு வலையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டேன். நாலு நாள். அந்த நாலு நாளும் நூற்றுச் சொச்சம் பேர் பஞ்சுத் தூசியைத்தான் மூச்சாக இழுத்தார்கள். உன் அம்மா தலையெல்லாம் வெள்ளை பூத்து வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இருமினாள். ஐந்தாம் நாள் வலையை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் மெஷின் போட்டாள். அவள் இருமல் போய்விட்டது. அதன் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் விமானத்தில் அந்தச் சின்ன ஃபேன் மட்டும் கேட்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் சாய்ந்திருந்த வலை. ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இதை உன் அம்மாவிடம் சொன்னேன். பதினான்கு வருஷம் கழித்துச் சொன்னேன். இல்லை, கணக்குத் தப்பு, பன்னிரண்டு. பார், இதில்கூட இரண்டு கூட்டிவிட்டேன். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியுமுங்க மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாலாம் நாளு ஷிப்ட் முடிஞ்சு வாரப்ப, வலை சுவத்துல சாஞ்சிருந்ததப் பாத்தனுங்க."

"பாத்துப்போட்டு ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"அடுத்த நாளே நீங்களே மாட்டிப்போட்டீங்களே. அப்பறம் என்னத்தக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கொட்டகை வாசலில் நின்று திரும்பி, "இதையும் நீங்களே மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாட்டுகிறேன், கண்ணு. கவனமாகப் படி. இது நான் ஜோடித்தது இல்லை, பம்பாயில் இறங்கியதும் பைலட் வாயால் கேட்டது. பைலட் வந்தது உண்மை. ராவுத்தர்தான் அவரைப் பிடித்து நிறுத்தி, "இவருக்கு ஒரு சந்தேகமுங்க, தீத்து வெக்கலீன்னா திரும்பி வரமாட்டாரு" என்றார். பைலட் பாலக்காட்டுக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். நான் கேட்டதைச் சொன்னேன். பெரிய காற்று நின்றது, சின்ன ஃபேன் மட்டும் ஓடியது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது உங்களுக்குக் கேட்டுதா? எஞ்சின் சத்தத்திலயா?"

"கேட்டுதுங்க."

"நல்ல காது உங்களுக்கு. கேட்டது சரி. புரிஞ்சுகிட்டதுதான் தப்பு."

விமானத்துக்கு உள்ளே வருகிற வெளிக்காற்றை எஞ்சினிலிருந்துதான் எடுக்கிறார்களாம். வெயிலிலே, கனத்தோடு மேலே ஏறும்போது எஞ்சினின் பலம் முழுவதும் தூக்குவதற்கே வேண்டுமென்று சில நேரம் ஓரிரு நிமிஷம் அதை நிறுத்தி வைப்பார்களாம். அந்த ஓரிரு நிமிஷத்துக்கு உள்ளே இருக்கிற காற்றே தாராளம். அது ஒரு மூலையில் தேங்கி நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கத்தான் அந்தச் சின்ன ஃபேன். மேலே ஏறியதும் திரும்ப வெளிக்காற்று வந்துவிடும். அப்புறம் வழி முழுக்கப் புதுக்காற்று கிட்டத்தட்டப் பாதி, உள்காற்று பாதி. அந்த உள்காற்றும் சும்மா வருவதில்லை. மடித்து மடித்து அடுக்கிய காகிதம் மாதிரிக் கெட்டியான ஃபில்டர் வழியாக வருகிறது. பஞ்சுத் தூசி என்ன, கிருமிகூட அதில் தப்பாது என்றார். "யாராவது அதைக் கழத்திச் சுவத்துல சாச்சு வெப்பாங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டு, "மாட்டாங்க. அதைப் பாக்கறதுக்கு ஆள் இருக்கு, எழுதி வெச்சுக் கையெழுத்துப் போடுவாங்க" என்றார்.

கடைசியாக நீ கேட்க வேண்டிய கேள்வியையும் நான் அன்றைக்கே கேட்டேன், உன் பேரில் கேட்டேன் என்று வைத்துக்கொள். "அந்த ஃபேன் நின்னுபோச்சுன்னா?" அவர் சொன்னார்: "இன்னொண்ணு இருக்கு. ரெண்டுமே நின்னாலும் வெளிக்காத்து வந்துட்டேதான் இருக்கும். கொஞ்சம் புழுக்கமா இருக்கலாம். யாருக்கும் மூச்சு முட்டாது." இவ்வளவும் தெரிந்துகொண்டு வந்தவன்தான் நான். தெரிந்துகொண்டு வந்து, பயந்ததை மறைக்க ஒரு சேட்டம்மாவை நீலமாக்கினேன். கேட்டுத் தெரிந்துகொள்வதற்குப் பட்ட வெட்கம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. தெரிந்ததை மறைத்ததற்கு உன் எட்டு வருஷத் தூக்கம் போயிருக்கிறது. நீ போகிற ஊரில் உனக்குத் தெரியாதது எது வந்தாலும், பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திராதே, பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுவிடு. ராவுத்தர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

இன்னொரு பொய்யும் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஆறு தடவை விமானத்தில் பறந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பம்பாயிலிருந்தே நான் ரயிலில்தான் திரும்பினேன். டில்லிக்கும் ரயிலில்தான் போனேன், கல்கத்தா நான் போகவே இல்லை. பைலட் அவ்வளவு சொல்லியும், மூளைக்கு ஏறியது காலுக்கு இறங்கவில்லை. விமான நிலையச் சாலை வழியாகப் போனால்கூட மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆகவே வியாழக்கிழமை பம்பாய் வரைக்கும் உன்னோடு நானும் வாரேன். டிக்கெட் வாங்கியாயிற்று, பெரியம்மாவிடம் இருக்கிறது, என்னிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று அவளே பூட்டி வைத்துவிட்டாள். தொலைத்துவிடுவேன் என்றா சொன்னாள், "தொலச்சுப்போட்டேன்னு கதை சொல்லுவாரு" என்று சொன்னாள். ஜன்னல் சீட்டு உனக்கு, பக்கத்து சீட்டு எனக்கு. மூச்சு மருந்தைப் பெட்டியில் போட்டுவிடாதே, கைப்பையில் வை. கதவைச் சாத்தியதும் மேலே இருந்து வெள்ளையாக இறங்கினால் அது புகையில்லை. விமானம் ஓட ஆரம்பித்ததும் காற்று குறையலாம், குறையாமலும் இருக்கலாம். குறைந்தால், காதைக் கொடுத்துக் கேள். அடியில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உனக்குக் கேட்காவிட்டால் என்னைக் கேள், எனக்குக் கேட்கும்.

ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்து நிற்கப் பார்ப்பேன், கண்ணு. எனக்கு என்னைத் தெரியும். அதனால் என் பெல்ட்டை நீயே மாட்டிவிடு. மாட்டிவிட்டு, என் கையை விடாமல் பிடித்துக்கொள். நீ வராவிட்டால் நான் தனியாகத்தான் அந்த சீட்டில் உட்கார வேண்டும், அந்த இரண்டு நிமிஷம் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு கை இல்லை.

பம்பாயிலிருந்து நான் ரயிலில்தான் திரும்புவேன். அதை யாரிடமும் சொல்லாதே.

உன் பெரியப்பன்